கொள்ளிடக் கரையில் ஒரு பாட்டனார்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

    

விழாக் குழுவினர் எனக்களித்த பொருள் ‘குடும்பத்துப் பெரியவர்’ என்பதாகும். எனக்கு முன் பேசிய நண்பர்கள் தத்தம் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் பெற்றவரைப் பற்றியும், முதன்முதலில் அரசுப் பணியில் அமர்ந்தவரைப் பற்றியும் எடுத்துரைத்தார்கள். கேட்டு மகிழ்ந்தேன். நான் பேசப் போவது என் தாயைப் பெற்ற பாட்டனாரைப் பற்றி. அவர் பட்டமும் பெறவில்லை, பதவியும் வகிக்கவில்லை. தம் பெயரை எழுதக்கூட அறியாதவர். படியாளாக உழைத்தார்; ஒழிந்த வேளையில் மீன் பிடித்தார். “மீன் பிடித்த கிழவரைப் பற்றிப் பேசவா இவ்வளவு பெரிய மேடை?” என்று நேற்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. இந்த உரை முழுவதும் அந்தத் தம்பிக்குச் சொல்லும் விடையாக இருக்கட்டும்.

பாட்டனார் பிறந்த ஆண்டு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. மேட்டூர் அணை கட்டி முடித்த ஆண்டில் தமக்குத் திருமணம் நடந்தது என்பார். அது 1934. அப்போது இருபது வயதிருக்கும் என்று கொண்டால், முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் பிறந்திருக்க வேண்டும். 1986ஆம் ஆண்டு கார்த்திகையில் மறைந்தார். இந்த அவையில் அவரை நேரில் கண்ட பெரியவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள். நான் எங்கேனும் மிகைப்படுத்தினால் எழுந்து மறுக்கலாம்.

அந்நாளில் நம் பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. கொள்ளிடம் ஆறு அதன் தெற்கெல்லை; ஆற்றைத் தாண்டினால் தஞ்சை மாவட்டம். இந்த எல்லைக்கு ஒரு பொருள் உண்டு. 1952இல் தஞ்சை மாவட்டக் குத்தகையாளரையும் பண்ணையாள்களையும் காக்க ஒரு சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றக் கூடாது, கூலி இவ்வளவு குறையக் கூடாது என்றெல்லாம் அது வரையறுத்தது. ஆனால் அது தஞ்சை மாவட்டத்துக்கு மட்டுமே உரியது. தென்கரையில் வேலை செய்தவனுக்குச் சட்டம் இருந்தது. வடகரையில் அதே வேலையைச் செய்த என் பாட்டனாருக்கு இல்லை. தூண்டிலைப் போட்டுவிட்டு அக்கரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பாராம். “அந்தாண்ட இருக்கறவனும் இதே தண்ணியிலதான் கால் கழுவுறான்” என்று சொன்னதாக என் தாயார் கூறுவார்.

படியாளின் நாள் விடியுமுன் தொடங்கி, இருட்டிய பின்னும் முடியாது. இரவில் மடை காக்க வேண்டும். வாய்க்காலில் நமது முறைத் தண்ணீர் வரும்போது மடையைத் திறந்து, வயல் நிறைந்ததும் அடைத்து, அடுத்தவர் உடைத்துக்கொண்டு போகாமல் காவல் நிற்க வேண்டும். அந்தக் காவலில்தான் அவருடைய மீன்பிடி தொடங்கியது. மூங்கிற் சிம்பால் பின்னிய பறியை மடைவாயில் பொருத்திவிட்டு, மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் அமர்வார். விடியற்காலம் நாலு மணிக்குப் பறியை எடுத்தால் கெளுத்தியும் குறவையும் உள்ளே புரளும். பண்ணை மணியம் வந்து பார்ப்பதற்குள் அவை எங்கள் ஆயாவின் மண்சட்டியில் கொதித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் பண்ணைக்குரியது, வயல் பண்ணைக்குரியது, உழைப்பும் பண்ணைக்கே போயிற்று. பறியில் விழுந்த நான்கு மீன் மட்டும் அவருடையது.

மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்றால் அது கொள்ளிடத்தில் வந்து, கீழணையில் தேங்கி, வடவாற்றின் வழியாக வீராணம் ஏரியை அடையும். கீழணை ஆர்தர் காட்டன் 1836இல் கட்டியது. வீராணமோ முதற் பராந்தக சோழன் காலத்து ஏரி. வீரநாராயணன் என்ற அவன் விருதுப் பெயரே ஏரிக்குப் பெயராயிற்று. நாற்பத்தையாயிரம் ஏக்கருக்கு நெருங்கிய நிலம் அதனால் விளைகிறது. 2004ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகரமும் அதன் தண்ணீரைக் குடிக்கிறது. கல்கியின் பொன்னியின் செல்வன் இந்த ஏரிக்கரையில் தொடங்குவதால், கரைமேல் குதிரையில் வந்த வந்தியத்தேவனை நம் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். அந்தக் கரைக்கு மண் சுமந்தவர்களின் பெயர்தான் நம் கைக்கு வந்து சேரவில்லை.

புதுத்தண்ணீர் வரும் நாள் பாட்டனாருக்குத் திருநாள். மீன் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும். கலங்கல் நீரில் நுரை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, மடையான் எந்த மதகில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது, சிச்சிலி எந்தக் கிளையிலிருந்து பாய்கிறது என்று பார்த்தே இடத்தைத் தேர்வார். தூண்டிலுக்கு நெட்டித் தக்கை, கெண்டைக்கு மண்புழு, விராலுக்குச் சிறு தவளை. தக்கை ஆடும் ஆட்டத்தைக் கொண்டே கடிப்பது இன்ன மீன் என்பார். கெண்டை கொத்திக் கொத்தி விடும். கெளுத்தி இழுத்துக்கொண்டு ஓடும். விரால் ஒரே விழுங்கு. கெளுத்தியின் முள் குத்தினால் கை இரண்டு நாள் கடுக்கும். அதை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் அவர் எனக்கு முதலில் கற்றுத் தந்தார். பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்டதற்கு முந்திய கல்வி அது.

அவருக்குச் சில விதிகள் இருந்தன. தாய் விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு, அடியில் காவல் நின்று மேய்க்கும். செந்நிறக் குஞ்சுகள் நீரின் மேற்பரப்பில் நெளிவது துணியை நனைத்துப் போட்டதுபோலத் தெரியும். அந்த இடத்தில் தூண்டிலைப் போட்டால் பெரிய மீன் உறுதி. குஞ்சைக் காக்கும் வெறியில் எதையும் தாக்கும். பாட்டனார் ஒருநாளும் போட்டதில்லை. மற்றவர்களையும் விடமாட்டார். “காவலாள எடுத்துட்டா அத்தனையும் கொக்குக்குப் போயிடும்” என்பார். தாமே காவலாளாக வாழ்ந்தவர் அல்லவா!

பனையேறிக் கெண்டை என்று ஒரு மீன் உண்டு. கொள்ளிடத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனியப் படை அதிகாரி, அம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797இல் இலண்டனில் வெளியாயிற்று. அதற்குப் பின் அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக அது ஏறுமா, ஏறாதா என்று வாதிட்டார்கள். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்குண்டு. செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் நகர்ந்து செல்லும். இவை உறுதிப்பட்ட செய்திகள். பனையில் ஏறியது மட்டும் ஐயத்துக்குரியதாகவே நின்றுவிட்டது. இந்த வாதம் எதையும் அறியாத பாட்டனாரிடம் சிறுவயதில் நான் கேட்டேன். “மழையில வரப்பு ஏறி அடுத்த வயலுக்குப் போறத எத்தனையோ தடவ பாத்திருக்கேன். பனையில ஏறி நான் பாக்கல அய்யா” என்றார். பெயரிலேயே பனையேறி என்று இருக்கும்போதும், தாம் காணாததைக் கண்டதாகச் சொல்லவில்லை. முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முயன்றதில் பெரும்பகுதி இந்த ஒரு விடைக்குள் அடங்கிவிடும்.

இனி, கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கோடையில் ஏரிகளும் குளங்களும் வற்றும்போது ஊர் திரண்டு இறங்கி மீன் பிடிப்பது நம் பக்கத்து வழக்கம். ஊத்தா, வலை, கூடை, வேட்டித் துணி என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். அது களிப்பான நாள்தான். ஆனால் அந்நாளில் நம்மவர்கள் கரையில் நிற்க வேண்டும். ஊரார் பிடித்து முடித்துக் கரையேறிய பின், கலங்கிய சேற்றில் மிஞ்சியதைத் தடவிக்கொள்ளலாம். ஐம்பதுகளில் ஒரு கோடை. எந்த ஊரின் ஏரி என்று நான் சொல்லப் போவதில்லை. பாட்டனார் காத்திருக்காமல் இறங்கினார். ஊத்தாவைக் கவிழ்த்த முதல் கவிழ்ப்பிலேயே முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். அவரைக் கரைக்கு அழைத்து, அந்த மீனை அவர் தலையிலேயே வைத்து, தெருவழியே நடத்திச் சென்று, ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் இறக்கி வைக்கச் செய்தார்கள். ஊத்தாவை மிதித்து உடைத்தார்கள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன் என்று பிற்காலத்தில் அவர் என் மாமாவிடம் கூறியிருக்கிறார்.

தம்பிகளே, தங்கைகளே! அந்தக் கோடைக்கு முன்பே 1950இல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் பதினைந்தாம் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். பொதுக் கிணறு, குளம், நீராடு துறை என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் ஆற்றையும் ஓடையையும் சேர்த்துக்கொண்டது. அரசியல் சட்டத்தில் குளம் என்ற சொல் ஏன் வந்தது? 1927 மார்ச் 20ஆம் நாள், மகத் நகரத்தின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களுடன் சென்று ஒரு கை நீர் அள்ளிக் குடித்தாரே, அந்த வரலாற்றை நினைத்துப் பார்த்தால் விளங்கும். நம் மண்ணிலேயே காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் அவர்கள் 1952இல் நாடாளுமன்றம் சென்றார். 1965இல் அவர் தலைமையில் அமைந்த குழு நாடு முழுவதும் தீண்டாமை எப்படியெல்லாம் நிலவுகிறது என்று ஆராய்ந்து 1969இல் அறிக்கை தந்தது. டில்லியில் அச்சான அந்த அறிக்கையின் உண்மையை நம் ஊர் ஏரிக்கரையில் நின்றே ஒருவர் சொல்லியிருக்க முடியும்.

பாட்டனார் இவற்றை அறியார். அவர் செய்தது வேறு. அன்றிலிருந்து ஊர் ஏரியில் கால் வைக்கவில்லை. நான்கு மைல் நடந்து கொள்ளிடத்துக்குப் போனார். “ஆறு எவன் பேருக்கும் பட்டா இல்ல” என்பது அவர் சொன்ன காரணம். அங்கே அவருக்கு இன்னொரு உலகம் கிடைத்தது. நாணற் காடு, மணல் திட்டு, கூட்டமாக இறங்கும் நாரை, இரவில் நரி. பழைய கொள்ளிடத்தில் முதலை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இன்றும் வனத்துறையார் ஊருக்குள் வரும் முதலைகளைப் பிடித்துச் சிதம்பரத்துக்கு அருகே வக்காரமாரிக் குளத்தில் விடுவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். சேற்றில் வயிறு இழைந்த தடத்தைக் கண்டால் பாட்டனார் அன்று அந்தத் துறையில் இறங்க மாட்டார். அங்கிருந்த மீனவர்களிடம் வீச்சு வலை எறியக் கற்றுக்கொண்டார். கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வந்த உல்லம் மீனைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார். கீழணை வழியை மறித்தது, மேட்டூர் அணை வெள்ளத்தைக் குறைத்தது, காவிரியில் உல்லம் அருகிப் போயிற்று. தாம் திருமணம் செய்த ஆண்டோடு அந்த மீன் போயிற்று என்று ஆயாவைக் கேலி செய்வார்.

மாசி மகத்துக்குக் கிள்ளைக்கு நடந்தே போவார். திருமுட்டம் பூவராகப் பெருமாள் அங்கே கடலாட வருவதும், கிள்ளை தர்காவில் இசுலாமியப் பெருமக்கள் எதிர்கொண்டு வரவேற்பதும் நம் பகுதியின் பெருமை. பாட்டனாருக்குப் பெருமாளைவிடப் பிச்சாவரம் உப்பங்கழியில்தான் நாட்டம். அங்கே இருளர் மக்கள் வலையும் தூண்டிலும் இன்றி, கழுத்தளவு நீரில் ஊர்ந்து, வெறுங்கையால் இறாலைத் தடவிப் பிடித்துப் பறியில் போடுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாராம். “நம்ம வித்தையெல்லாம் அவங்க காலடி” என்று ஊருக்குத் திரும்பிச் சொல்வார். தம்மினும் வறியவரிடத்தில் தம்மினும் பெரிய திறமையைக் கண்டு வணங்கிய மனிதர் அவர்.

மீன் விற்ற காசுதான் எங்கள் குடும்பத்தின் முதல் பள்ளிக் கட்டணம். என் பெரிய மாமாவைச் சிதம்பரம் ஓமக்குளத்தில் நந்தனார் பள்ளியில் சேர்த்தார்கள். சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய பள்ளி அது. 1959இல் சுவாமிகள் மறையும் வரை நம் பகுதிக் குழந்தைகளுக்கு அந்த இடமே திசை. முதன்முறை மகனைக் காணப் புறப்பட்டபோது பாட்டனார் ஈரச் சாக்கில் இரண்டு உயிர் விராலைச் சுற்றி எடுத்துக்கொண்டாராம். “சைவச் சாமியாரு பள்ளிக்கூடத்துக்கு மீனா கொண்டு போவாங்க!” என்று ஆயா பிடுங்கி வைத்துக்கொண்டு, முருங்கைக்காய்க் கட்டைக் கையில் கொடுத்தனுப்பினார். பள்ளியின் வாயிலில் நின்று, வெள்ளைச் சட்டையோடு வந்த மகனை வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாமா சொல்வார். மாமா பின்னர் ஆசிரியரானார். என் தாயார் எட்டாம் வகுப்பு வரை படித்தார். நான் இந்த மேடையில் நிற்கிறேன்.

பசுமைப் புரட்சி வந்தபோது பாட்டனாருக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். நெல் கூடுதலாக விளைந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், பசியைப் பார்த்தவர்கள் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எண்டிரின் வந்தது. வயலில் தெளித்தது வாய்க்காலுக்கு வந்தது. சிலர் மீன் பிடிக்கவே அதை நீரில் ஊற்றினார்கள். வெள்ளை வயிறு காட்டி மிதக்கும் மீனைப் பொறுக்கிக்கொண்டு வந்த பையனை அவர் கை ஓங்கியதை நானே கண்டிருக்கிறேன். யாரையும் அடிக்காதவர், அன்று ஒருநாள்தான். வயல் மீன்கள் பல அதன் பின் குறைந்தன. 1952இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை எல்லாக் குளத்திலும் நிறைந்தது. அதைப் பிடிப்பதில் ஒரு கலையும் இல்லை என்பது அவர் கட்சி.

இப்போது குட்டைக்கு வருகிறேன். தம்பி கேட்ட கேள்விக்கு நேரான விடை இங்கேதான் இருக்கிறது.

நம் குடியிருப்பின் கீழ்ப்புறத்தில் இருக்கும் குட்டையைத் தூர்த்து, வெள்ளி விழா நினைவாகப் படிப்பகம் கட்டலாம் என்று இளைஞர் அணியினர் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள். படிப்பகம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தலைமையாசிரியன் வேண்டாம் என்று சொல்வானா? ஆனால் அந்தக் குட்டை எப்படி வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் முன்னோருக்கு ஒதுக்கப்பட்ட இடம் தாழ்ந்த நிலம். ஐப்பசி அடைமழையில் குடிசைக்குள் முழங்கால் நீர் நிற்கும். பாட்டனாரும் அவர் தலைமுறையினரும் பண்ணை வேலை முடிந்த நிலா வெளிச்சத்தில் கீழ்ப்புறத்து மண்ணை வெட்டிக் கூடை கூடையாகச் சுமந்து வீட்டு மனைகளை உயர்த்தினார்கள். இரண்டு கோடை ஆயிற்றாம். நீங்களும் நானும் இன்று வீடு கட்டியிருக்கும் மேடு, அந்தக் குட்டையின் பள்ளத்திலிருந்து வந்த மண். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே கணக்கு.

ஏரியில் மீனைத் தலையில் சுமக்க வைத்த அந்த ஆண்டிற்குப் பிறகு, பாட்டனார் கொள்ளிடத்திலிருந்து மண்பானையில் நீர் நிரப்பி, விரால் குஞ்சுகளை நான்கு மைல் சுமந்து வந்து இந்தக் குட்டையில் விட்டார். வழியில் மூன்று இடத்தில் நீர் மாற்றினாராம். மறு கோடையில் நம் தெருப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கிப் பிடித்தார்கள். முதலில் இறங்கினார்கள். யாருக்காகவும் கரையில் காத்திருக்கவில்லை. நம் பெண்கள் பலர் நீந்தக் கற்றதும் இங்கேதான்.

உணர்ச்சியை விட்டுவிட்டு நடைமுறையைப் பார்ப்போம். 2015 நவம்பர் மழையில் நம் மாவட்டம் பட்ட பாடு உங்கள் நினைவில் இருக்கும். நம் தெருவில் வந்த நீர் எங்கே வடிந்தது? அதைத் தூர்த்தால் அடுத்த பெருமழைக்கு நீர் படிப்பகத்துக்குள் வரும், புத்தகங்கள் முதலில் நனையும். சட்டமும் நமக்கு இடம் தராது; ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துள்ளது. நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2001லும் 2011லும் தீர்ப்புரைத்திருக்கிறது. பிறர் நீர்நிலையை மறித்தால் மனு எழுதுகின்ற நாம், நம் கையாலேயே ஒன்றை மூடுவது அழகாகாது. சங்கக் கட்டடத்தின் மேல்தளம் வெறுமையாகவே கிடக்கிறது. படிப்பகத்தை அங்கே எழுப்பலாம். தூண்கள் மாடியைத் தாங்குமா என்பதைப் பொறியியல் படித்த நம் பிள்ளைகள் இருவர் பார்த்துச் சொல்லட்டும். குட்டையைத் தூர் வாரி, இரண்டு பக்கம் படித்துறை கட்டி, குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்க ஆளமர்த்தலாம். ஆண்டுதோறும் விடுமுறையில் நீரில் மூழ்கி இறக்கும் மாணவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. நீந்தத் தெரிந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம்.

என் வகுப்பறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். உயிரியல் பாடத்தில் மீனின் பெயர்களைக் கேட்டால், பத்துப் பெயர் அறிந்த நம் பிள்ளை வாய் திறப்பதில்லை. தெரிந்ததைச் சொன்னால் இன்ன தெருவிலிருந்து வருகிறவன் என்று தெரிந்துவிடும் என்ற கூச்சம். புத்தகத்தில் படித்த இரண்டு பெயரைச் சொல்கிறவன் மதிப்பெண் வாங்குகிறான். இதே மீன்களைத்தான் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் ஆராய்ச்சி மாணவர்கள் அளந்து எழுதுகிறார்கள். அந்த மையத்தில் நம் தெருப் பிள்ளை ஒருவர் ஆய்வு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. பாட்டனாருடைய அறிவு மதிப்பெண் பெறும் நாள் அதுவாக இருக்கும்.

தீர்மானம் அடுத்த மாதப் பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது. அதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் குட்டைக்கரையில் இருப்பேன். ஆழம் பார்க்க அளவுகோலும் கயிறும் கொண்டு வருகிறேன். பெரியவர்கள் யாராவது வந்து, எந்தப் பக்கம் முதலில் வெட்டினார்கள் என்று காட்டினால் உதவியாக இருக்கும். கேள்வி கேட்ட தம்பியும் தவறாமல் வர வேண்டும்.